வளரி
வளரி என்பது மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் கள்ளரும் மறவரும் மான் வேட்டையிலும் போரிலும் பயன்படுத்திய பிறை வடிவ எறிபடை. இதன் ஒரு முனை கனமானது. பிடிக்கும் முனை மெலிந்தது. ஆஸ்திரேலிய பூமராங்குடன் ஒப்பிடப்பட்டாலும், திரும்பி வருவதைவிட இலக்கைச் சுழன்று தாக்குவதே இதன் முதன்மையான வேலை.

சின்ன மருது தமக்கு இதை எறியக் கற்றுக்கொடுத்ததாக ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியான தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். பாளையக்காரர் நாடுகளில் ஆயுதம் வைத்திருப்பதும் தடை செய்யப்பட்டது.

சென்னை அருங்காட்சியகத்தில் மூன்று வளரிகள் இருப்பதாக அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். மூன்றும் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை. இரண்டு தந்தத்தாலானவை, ஒன்று மட்டுமே மரம். தந்த வளரிகள் அரசரின் பெருமைக்காகச் செய்யப்பட்டவையாகலாம். மதுரைச் சீமையில் குடிகள் கையாண்டவை பெரும்பாலும் மர வளரிகளே.