‘கடைசியாக எப்போது மாறியது?’ - ஒரே கிளாஸில் நேரத்தைப் பதிவது எப்படி?

ஆன்லைனில் ஆர்டர் போடுகிறோம், முகவரியைத் திருத்துகிறோம், பணம் கட்டுகிறோம். ஒவ்வொன்றும் எப்போது நடந்தது என்பது ஆப்புக்குத் தெரிந்தாக வேண்டும். தகராறு என்று வந்துவிட்டால் முதலில் தேடப்படுவது அந்த நேரப்பதிவுதான்.

ஆர்டர், வாடிக்கையாளர், பில் என ஒரு சாஃப்ட்வேரில் 40 கிளாஸ்கள் இருந்தால், ‘உருவான நேரம்’, ‘திருத்திய நேரம்’ என்ற இரண்டு வரிகளை 40 இடங்களில் எழுத வேண்டுமா? தேவையில்லை. பேஸ் கிளாஸ் எனப்படும் தாய் கிளாஸ் ஒன்றில் எழுதிவிட்டால் போதும். மற்றவை அதை அப்படியே வாரிசாகப் பெற்றுக்கொள்ளும்.

பைத்தானில் எழுதப்பட்ட ஜாங்கோவில் இதற்கு வசதி உண்டு. ‘ஆட்டோ நவ் ஆட்’ முதல்முறை சேமிக்கும்போது மட்டும் நேரத்தைப் பதியும். ‘ஆட்டோ நவ்’ ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் மாற்றும். தாய் கிளாஸை ‘அப்ஸ்ட்ராக்ட்’ என்று குறிப்பது முக்கியம். மறந்தால் அதற்கென்று தனி டேபிள் உருவாகி, ஒரு ஆர்டரை எடுக்கவே இரண்டு டேபிள்களை இணைக்க வேண்டியிருக்கும்.

அவ்வளவுதானே என்றால், சிக்கலே இனிமேல்தான். ‘ஆட்டோ நவ்’ வேலை செய்வது ‘சேவ்’ அழைக்கப்படும்போது மட்டுமே. 5,000 ஆர்டர்களின் நிலையை ‘அப்டேட்’ மூலம் ஒரே வரியில் மாற்றினால் ‘சேவ்’ ஓடாது, திருத்திய நேரமும் நகராது. ‘நேற்றிலிருந்து மாறியவற்றை மட்டும் கொடு’ என்று கேட்கும் இன்னொரு சிஸ்டத்துக்கு அந்த 5,000-மும் கண்ணிலேயே படாது. எர்ரர் எதுவும் வராது என்பதுதான் கொடுமை. மொத்தமாக மாற்றும்போது நேரத்தையும் கையோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அல்லது ‘அப்டேட்’டை மாற்றி எழுதிய ‘குவெரிசெட்’ ஒன்றைத் தாய் கிளாஸில் மேனேஜராக இணைத்து வைக்கலாம்.

பழைய டேட்டாவைப் புதிய சிஸ்டத்துக்கு ஏற்றும்போது இன்னொரு வம்பு. ‘ஆட்டோ நவ் ஆட்’ நாம் கொடுக்கும் தேதியை மதிக்காது. 2012-ல் சேர்ந்த வாடிக்கையாளரும் இன்றைக்குச் சேர்ந்தவராகிவிடுவார். அதற்குப் பதில் இப்போதைய நேரத்தை ‘டிஃபால்ட்’ மதிப்பாக வைத்தால், தேதி கொடுத்தால் அதை ஏற்கும், கொடுக்காவிட்டால் தானே போட்டுக்கொள்ளும்.

நேரத்தை யூடிசியில் சேமிப்பதே நல்லது. ஆனால், கணக்கெடுக்கும்போது இந்திய நேரத்துக்கு மாற்ற மறக்கக் கூடாது. ஏப்ரல் 1 அதிகாலை 3 மணிக்குப் போட்ட பில், யூடிசியில் மார்ச் 31 இரவு 9.30. அப்படியே தேதி எடுத்தால் அது போன நிதியாண்டுக் கணக்கில் போய் விழும்!

‘டெலிவரி ஆன நேரம்’ போன்றவற்றுக்குத் ‘திருத்திய நேர’த்தைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. அது வேண்டவே வேண்டாம். பிறகு யாராவது போன் நம்பரில் ஒரு இலக்கத்தைத் திருத்தினால்கூட டெலிவரி நேரம் மாறிவிடும். அதற்கென்று தனி ஃபீல்டு, அதுவும் ஆர்டர் கிளாஸிலேயே இருக்கட்டும்.