மகசூல் கணக்கும் ஆராய்ச்சியாளர் பயிற்சியும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மணிலா பயிரிடும் குடியானவர்களுக்கு 'டி. எம். வி.' என்னும் எழுத்துகள் புதியனவல்ல. அவை திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பனவாகும். அந்நிலையத்திலிருந்து 1940-ஆம் ஆண்டில் டி. எம். வி. 2 என்னும் கொத்து ரகமும், 1967-ஆம் ஆண்டில் டி. எம். வி. 7-உம் வெளிவந்தன. ஒரு ரகம் பழைய ரகத்தினும் மேலானதென்று ஆராய்ச்சியாளர் கூறினால், அதனை நம்பி விதை வாங்குபவர் குடியானவரே. அக்கூற்றுப் பிழைபடின் நஷ்டமும் அவரையே சாரும். ஆதலால் ஆராய்ச்சியாளர் கணக்கிடும் முறையையும், அதில் அவர்கள் பெறும் பயிற்சியையும் நிலமுடையோர் அறிந்திருத்தல் நலம்.

எந்த நிலமும் ஒரே சீரான வளமுடையதன்று. புதிய ரகத்தை எருக்குழியை அடுத்த பாத்தியிலும், பழைய ரகத்தை மேட்டுப் பாத்தியிலும் விதைத்துவிட்டு, புதியதே சிறந்ததென்று முடிவு கட்டினால், அது ரகத்தின் சிறப்பன்று, மண்ணின் சிறப்பேயாம். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் 1933 வரை பணியாற்றிய ஆர். ஏ. பிஷர் என்னும் அறிஞர் இக்குறையை நீக்க வழி வகுத்தார். நிலத்தைப் பல தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகங்களையும் இட்டு, எந்தப் பாத்திக்கு எந்த ரகம் என்பதைத் திருவுளச்சீட்டுப் போல் தீர்மானிப்பதே அம்முறை. அதன் பின்னரே, காணும் வேற்றுமை ரகத்தினால் விளைந்ததா, தற்செயலா என்று கணித்துக் கூற இயலும்.

இந்நாட்டில் விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் 1930-ஆம் ஆண்டில் புள்ளியியல் பிரிவொன்றைத் தொடங்கிற்று. 1931-ஆம் ஆண்டில் பேராசிரியர் மகலனோபிஸ் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். கவுன்சிலின் பிரிவு 1945-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உரிய நிலையமாகத் திருத்தியமைக்கப்பட்டு, பின்னர் டில்லியிலுள்ள விவசாயப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. விவசாய விஞ்ஞானிகளுக்கென 10 நாள், 21 நாள் அளவிலான குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தப்பட்டு வந்துள்ளன.

இத்தகைய பயிற்சிகளில் கற்பிக்கப்படும் பொருள்களுள் ஒன்று, விளைச்சலுக்கும் அதன் காரணங்களுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக வகுத்தல். முதல் மூட்டை உரத்தால் கிட்டும் மிகுதி விளைச்சல் அடுத்த மூட்டையால் கிட்டுவதில்லை. ஓரளவிற்குமேல் உரத்தின் விலையே விளைச்சலின் விலையை விஞ்சிவிடும். அந்த எல்லை எங்குள்ளது என்பதைச் சமன்பாடு காட்டும். கணிப்பொறி இவ்வேலையை நொடியில் முடித்துவிடும். ஆயினும் தவறாக அளந்த எண்ணைக் கொடுத்தால் அது தவறான விடையையே தரும். எண்ணின் நேர்மை வயலிலேயே தொடங்குகிறது.

இவ்விடத்தில் கிராம அதிகாரிகளின் பங்கு பெரிது. முன்னாளில் கண்ணால் பார்த்து 'இத்தனை அணா விளைச்சல்' என்று மதிப்பிட்டெழுதினர். இந்நாளில் நெல்லுக்கு 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள பாத்தியை அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்க்கின்றனர். கிடைத்த எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கண்டுமுதல் தெரியும். ஈரத்திற்குரிய கழிவை அதில் நீக்கவேண்டும். பாத்தி மிகச் சிறியதாயின் கணக்கு மிகுத்துக் காட்டும் என்பதை டாக்டர் பி. வி. சுகாத்மே 1940-களில் ஆராய்ந்து விளக்கினார். காரணம் எளிது: 25 சதுர மீட்டர் பாத்திக்கு ஓரம் 20 மீட்டர், 1 சதுர மீட்டர் பாத்திக்கோ ஓரம் 4 மீட்டர். பரப்பை நோக்க, சிறிய பாத்திக்கு ஓரம் ஐந்து மடங்கு. அறுப்பவர் கை ஓரத்துக் குத்துகளை உள்ளே சேர்க்கவே நாடும்.

2016 முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இக்கணக்கே இழப்பீட்டிற்கு அடிப்படை. சீட்டில் விழுந்த வயலை விட்டு, வரப்போரத்துச் செழித்த பயிரை அறுத்தால், பயிரிழந்த ஊரார் அனைவரும் உரிய தொகையை இழப்பர். இரக்கங்கொண்டு ஆண்டுதோறும் குறைத்தெழுதுவதும் நன்றன்று; முந்தைய ஏழாண்டுகளின் மகசூலிலிருந்தே வரம்பு வகுக்கப்படுவதால், பின்வரும் ஆண்டுகளின் உரிமை குன்றும்.

ஆதலின் சோதனை அறுவடைக்குத் தம் வயல் தேர்ந்தெடுக்கப்பட்டால் நிலமுடையோர் முன்கூட்டி அறுக்காமல் காத்திருந்து, அறுவடையின்போது உடனிருத்தல் வேண்டும். அதிகாரிகளும் எண் காட்டிய இடத்திலேயே முளையடித்து, கயிற்றை இறுகக் கட்டி அளத்தல் வேண்டும். இருவரும் இதனைச் செய்வாராயின், பயிற்சி பெற்றோரின் கணக்கு ஊருக்குப் பயன்படும்.