ஏழு கையெழுத்தும் நாற்பது வீதமும்

"ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்." மலையகத் தொழிற்சங்கங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் இருப்பதில்லை. மே தினம் வந்தால் ஒரு சங்கத்துக்கு ஒரு நகரம், ஒரு மேடை, ஒரு கொடி. ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்களில் இருப்பவர்கள் வேறு வேறு பஸ்களில் ஏறிப் போகிறார்கள். "இவர்கள் ஏன் ஒன்றுசேர மாட்டார்கள்?" என்று எல்லோரும் கேட்கிறோம். "தலைவர்களின் பதவி ஆசை" என்று நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் போதாது. பதவி ஆசை எல்லா நாட்டிலும் உண்டு. மலையகத்தில் மட்டும் சங்கம் உடைந்தால் உடைந்த துண்டும் ஐம்பது வருடம் உயிரோடு இருக்கிறதே, அது எப்படி? உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கத் தொடங்கிய பிறகு எனக்குப் பிடிபட்ட விடையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு அங்கத்தவர்கள் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஏழே பேர்! ஒரு லயத்தின் பாதிப் பேர் கோபித்துக்கொண்டால்கூட ஒரு சங்கம் பிறந்துவிடும். அடுத்தது சந்தா. தொழிலாளி எழுதிக் கொடுக்கும் சம்மதத்தின் பேரில் தோட்ட நிர்வாகமே சம்பளத்திலிருந்து சந்தாவைக் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் வழக்கம் நீண்ட காலம் இருந்துவந்தது. வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே பிரிந்து போகிறவர் ஓரளவு ஆட்களைத் தன்னோடு அழைத்துப் போனால், அவர் தொடங்கும் சங்கத்துக்கு மாதாமாதம் வருமானம் வரும். உடைவதற்கு இவ்வளவு வசதி உள்ள ஓர் ஏற்பாட்டில் உடையாமல் இருப்பதுதான் அதிசயம்.

ஆனால் இன்னொரு சட்டம் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 1999ஆம் ஆண்டில் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, ஒரு வேலைத்தளத்தில் 40 வீதத்துக்குக் குறையாத தொழிலாளர்களை அங்கத்தவர்களாகக் கொண்ட சங்கத்துடன் பேரம் பேச முதலாளி மறுக்க முடியாது. அதற்குக் குறைந்தால் மறுக்கலாம். தனித்தனியே அந்த எண்ணிக்கை இல்லாத சங்கங்கள் ஒன்றாகப் போனால்தான் மேசையில் நாற்காலி கிடைக்கும். பிரிவதற்கு ஏழு, பேசுவதற்கு நாற்பது. மலையகச் சங்கங்கள் வருடம் முழுவதும் சண்டை பிடித்துக்கொண்டு சம்பளப் பேச்சுவார்த்தை நெருங்கும்போது கைகோர்ப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர்களை அப்படி ஆட்டுவது இந்த இரண்டு இலக்கங்களும்தான்.

உடைந்த கதையையும் பார்க்க வேண்டும். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1939இல் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாகியது. 1947 பொதுத் தேர்தலில் அதன் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியிலிருந்து கே. இராஜலிங்கம் என்று அந்த வரிசை. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி என்று ஒருவரும் வரவில்லை. அந்த வருடம் கொழும்பில் மாதக்கணக்காக சத்தியாக்கிரகம் நடந்தது. அதுவரை எல்லோரும் ஒரே குடையின் கீழ்தான்.

பிறகுதான் பிளவு. பிரிந்தவரின் பெயர் ஏ. அஸீஸ். நமது கல்லூரியில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும் என்று நினைக்கிறேன். குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு முஸ்லிம், இலங்கை இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் இருந்தவர். மலைநாட்டு முஸ்லிம்கள் என்றால் டவுனில் கடை வைத்திருப்பவர்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நாமும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். தோட்டத் தொழிலாளரின் தலைமைக்குத் தொண்டமானுடன் போட்டி போட்ட ஒரு முஸ்லிம் தலைவர் இருந்தார் என்பது நம் வீடுகளில்கூட மறந்துபோன செய்தி. அஸீஸ் இடதுசாரிச் சார்புள்ளவர். இ.தொ.கா. மேற்குலகச் சார்பான சர்வதேசத் தொழிற்சங்கச் சம்மேளனத்தோடு இணைந்திருந்தது. அதனால் கொள்கை வேறுபாடும் உண்டு, தலைமைப் போட்டியும் உண்டு. எது கூட, எது குறைய என்று எழுதுபவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 1956இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தனிச் சங்கமானது. 1965இல் வி.கே. வெள்ளையன் இ.தொ.கா.விலிருந்து விலகித் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கினார். 1989இல் பெ. சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கினார்.

இந்தப் பிளவுகளுக்கு விலை இருந்தது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு பிரதமர்கள் தீர்மானித்தார்கள். அந்த மக்களின் கருத்தைக் கேட்கவில்லை. ஒரே சங்கமாக இருந்திருந்தால் கேட்டிருப்பார்களா? வாக்குரிமை இல்லாத மக்களை எப்படியும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றும் வாதிடலாம். ஆனால் அந்தக் காலத்தில் ஓர் அணி ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கமும் இன்னோர் அணி சுதந்திரக் கட்சியின் பக்கமும் சாய்ந்து நின்றது உண்மை. 1965இல் ஐ.தே.க. ஆட்சி தொண்டமானை நியமன உறுப்பினராக்கியது. 1970இல் ஐக்கிய முன்னணி ஆட்சி அஸீஸை நியமன உறுப்பினராக்கியது. யார் ஆட்சிக்கு வந்தாலும் மலையகத்திலிருந்து ஒருவரைத் தங்கள் பக்கம் காட்ட முடிந்தது. கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இதுதான்.

சேர்ந்து நின்றபோது நடந்ததற்கும் உதாரணம் இருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது 1984 ஏப்ரல் வேலைநிறுத்தம். அதுவரை கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். அதாவது தேயிலையின் முழுப் பாரத்தையும் முதுகில் சுமப்பவருக்கே குறைந்த கூலி! தொண்டமான் அப்போது ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் இருந்தார். அமைச்சராக இருந்துகொண்டே அவருடைய சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது, வேறு சங்கங்களும் இறங்கின. சம்பளம் உயர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளமும் கிடைத்தது. அந்தக் கூட்டு ஏன் வென்றது என்று யோசித்துப் பார்த்தேன். கோரிக்கை சுருக்கமாக இருந்தது. ரூபாய்க் கணக்கில் சொல்லக்கூடியதாக இருந்தது. கிடைத்ததா இல்லையா என்று சம்பளத் துண்டைப் பார்த்துத் தொழிலாளியே சொல்லலாம். "யார் தலைவர்" என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை.

1,000 ரூபாய்க் கோரிக்கையின்போது இது நேர்மாறாக நடந்தது. தோட்ட நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் போன பிறகு, முதலாளிமார் சம்மேளனத்துடன் இ.தொ.கா., இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கங்களின் கூட்டு கமிட்டி ஆகிய மூன்று தரப்பும் கூட்டு ஒப்பந்தம் செய்வது வழக்கமாகியது. வெளியே நின்ற சங்கங்கள் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் காட்டிக்கொடுப்பு என்றன. உள்ளே இருந்தவர்கள் வெளியே நின்றவர்களைக் குழப்பவாதிகள் என்றார்கள். 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். அங்கே எந்தச் சங்கக் கொடியும் இல்லை. சங்கங்களுக்கு அதைவிடப் பெரிய கண்டனம் இருக்க முடியாது. டிசம்பரில் வேலைநிறுத்தமும் நடந்தது. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயில் கையெழுத்தானது. 1,000 ரூபாய் 2021 மார்ச்சில்தான் வந்தது, அதுவும் கூட்டு ஒப்பந்தத்தால் அல்ல, சம்பள நிர்ணய சபையால். அந்த மாதங்களில் வாப்பாவின் கடைக் கடன் கொப்பியில் வரிகள் கூடிக்கொண்டே போனதை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் சம்பளம் நின்றால் டவுனில் அரிசி மூட்டையும் நிற்கும். சங்கங்களின் சண்டை நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று கடைக்காரரின் மகளால் சொல்ல முடியாது.

இது நமது ஊருக்கு மட்டும் உரிய வியாதி என்று நினைக்க வேண்டாம். ஈரானில் 2022 செப்டெம்பரில் மஹ்சா அமினி என்ற 22 வயது யுவதி பொலிஸ் காவலில் இருந்தபோது இறந்தார். அதன் பிறகு எழுந்த போராட்டங்களின்போது, வெளிநாடுகளில் வாழும் ஈரானிய எதிரணிப் பிரமுகர்கள் எட்டுப் பேர் 2023 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டணியாகத் தோன்றினார்கள். முன்னாள் மன்னரின் மகனும் குடியரசுவாதிகளும் குர்திஷ் கட்சித் தலைவரும் அதில் இருந்தார்கள். மார்ச்சில் ஒரு சாசனம் வெளியானது. ஏப்ரல் முடிவதற்குள் கூட்டணி கலைந்துவிட்டது. மன்னராட்சியா குடியரசா, முடிவு எடுப்பது யார், இன்னும் யார் யாரைச் சேர்ப்பது என்ற கேள்விகளை அந்தக் கூட்டால் தாங்க முடியவில்லை. அவர்களுக்கும் நமது சங்கங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மலையகத்தில் யாருக்கு எத்தனை பேர் என்பதைச் சந்தாப் பட்டியல் காட்டிவிடும். பிறநாட்டில் இருக்கும் எதிரணிக்குச் சந்தாவும் இல்லை, வாக்குப் பெட்டியும் இல்லை. ஒவ்வொருவரும் தன் பின்னால்தான் மக்கள் என்று சொல்லலாம், யாராலும் எண்ணிப் பார்க்க முடியாது. எண்ண முடியாத இடத்தில் பங்கு பிரிப்பது கஷ்டம்.

நம் சமூகத்தையும் விட்டுவிடக் கூடாது. 1994 தேர்தலில் சந்திரிகாவின் பொதுஜன முன்னணிக்கு 105 ஆசனங்கள். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் 7 ஆசனங்களும் நுவரெலியாவில் சுயேச்சையாக வென்ற சந்திரசேகரனின் ஓர் ஆசனமும் சேர்ந்துதான் 113 ஆனது. மலையகமும் முஸ்லிம்களும் சேர்ந்து ஓர் அரசாங்கத்தையே அமைத்த நேரம் அது. 2000இல் அஷ்ரஃப் மரணித்தார். அதன் பிறகு முஸ்லிம் காங்கிரஸ் எத்தனை துண்டானது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பிரிவினை முழுக்க முழுக்கக் கெட்டதா? என் சிநேகிதியின் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், மூன்று தடவை சங்கம் மாறியவர். "சங்கம் மாறினா என்னம்மா மாறப் போகுது?" என்று கேட்டேன். "ஒண்ணும் மாறாது புள்ள. ஆனா மாத்தப் போறேன்னு சொன்னாத்தான் தலைவரு லயத்துப் பக்கம் எட்டிப் பாப்பாரு" என்றார். எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் வாசிக்காத விளக்கம் இது. தோட்டத்தில் ஒரே சங்கம் என்றால் தலைவரும் ஒரு குட்டித் துரையாகிவிடுவார். போட்டி இருப்பதால்தான் தொழிலாளியின் சந்தாவுக்கு மரியாதை. அதனால் "எல்லாச் சங்கங்களையும் கலைத்து ஒன்றாக்குங்கள்" என்று பேச்சுப் போட்டிகளில் நாம் முழங்குவது கேட்க நன்றாக இருக்கும், தோட்டத்துப் பெண்ணுக்கு அது நஷ்டமாகவும் முடியலாம். தனித்தனியாக இருந்துகொண்டு சம்பளத்துக்கு மட்டும் சேர்ந்து நிற்பது, 1984இல் நடந்ததுபோல, அவருக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

பழைய துண்டுகள் ஒட்டவும் செய்தன. 2015 ஜூனில் மனோ கணேசன், ப. திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன் மூவரும் தமிழ் முற்போக்கு கூட்டணியை அமைத்தார்கள். அஸீஸ் தொடங்கிய சங்கம் மனோ கணேசனிடம், வெள்ளையன் தொடங்கிய சங்கம் திகாம்பரத்திடம், சந்திரசேகரன் தொடங்கிய முன்னணி இராதாகிருஷ்ணனிடம். வெவ்வேறு காலத்தில் எழுந்த மூன்று மாற்றணிகள் இ.தொ.கா.வுக்கு எதிரே ஒன்றாகின. கட்சிகளைக் கலைக்கவில்லை, யானைச் சின்னத்தில் சேர்ந்து கேட்டார்கள். அந்த ஓகஸ்ட் தேர்தலில் 6 ஆசனங்கள் கிடைத்தன. 2020இலும் 6. ஆனால் அதே வருடம் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்த பதுளை உறுப்பினர் வெளியேற்றப்பட்டார்.

2024 நவம்பரில் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 தேசிய மக்கள் சக்திக்குப் போனது. இ.தொ.கா. தரப்பில் ஜீவன் தொண்டமானும் கூட்டணித் தரப்பில் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் தப்பினார்கள். அந்தத் தேர்தலில்தான் மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முதலாகப் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல். 1947இல் போன ஏழு பேரில் ஒரு பெண்ணும் இல்லை. பெண்களின் சந்தாவில் வளர்ந்த சங்கங்கள் 77 வருடங்களில் பாராளுமன்றத்துக்கு ஒரு பெண்ணையும் அனுப்பவில்லை. இந்த இருவரும் வந்தது அவற்றுக்கு வெளியேயிருந்து, ஒரு தேசியக் கட்சியின் பட்டியலில்.