மேகத்துக் கைப்பேசிகளும் செயலிச் சோதனையும்

கைப்பேசிச் செயலியொன்றை ஆக்குவோர், அது தம் கைப்பேசியில் செவ்வனே இயங்கக் கண்டு மகிழ்ந்தமைதல் போதாது. திரையளவும் இயங்குதளப் பதிப்பும் கருவிதோறும் வேறுபடுதலின், ஒன்றில் பழுதின்றி ஓடுவது பிறிதொன்றில் இடையே நின்றுவிடலாம். எல்லாக் கருவிகளையும் விலைகொடுத்து வாங்குதலோ மாணவர்க்கு இயலுவதன்று.

இக்குறை தீர்ப்பதே மேகச் சோதனை. மெய்யான கைப்பேசிகள் பலவற்றை ஓரிடத்தே தொகுத்து, இணையத்தின் வழியே வாடகைக்கு விடுவர். ரிதேஷ் அரோரா, நகுல் அகர்வால் என்னும் இருவர் 2011-ல் நிறுவிய பிரௌசர்ஸ்டாக், உலாவிச் சோதனையில் தொடங்கிப் பின்னர் இத்துறையிலும் பெயர்பெற்றது. ‘இப்பொத்தானை அழுத்துக, இன்ன விடை வருகின்றதா என நோக்குக’ என்று நிரல் வரைந்தனுப்பின், அப்பியம் போன்ற மென்பொருள் அதனைப் பல கருவிகளில் ஒருங்கே நிகழ்த்தும், முடிவோடு திரைப்படிவங்களும் நம்மிடம் வந்துசேரும்.

தமிழும் பிரெஞ்சும் தெருப்பலகைகளில் அருகருகே காணும் புதுவையார்க்கு, ஒரு மொழியில் அடங்கும் இடம் மற்றொன்றிற்குப் போதாமை புதிதன்று. ‘உறுதிசெய்க’, ‘உறுதியை நீக்குக’ என்னும் இரண்டும் சிறுதிரையில் அறுபட்டு ‘உறுதி’ என்றே நிற்பின், பணம் செலுத்த வந்த மூதாட்டியார் எதனை அழுத்துவார்? நிரலோ பெரும்பாலும் எழுத்தின் குறியீட்டையே ஒப்பிட்டுத் ‘தேறியது’ என்னும். ஆதலின், அத்திரைப்படிவங்களைத் தமிழறிந்தார் ஒருவர் கண்ணால் நோக்கிய பின்னரே செயலியை வெளியிடுதல் முறையாம்.