தீ ஒத்திகையில் அவரையும் சேருங்கள்

நியூயார்க், 2001 செப்டம்பர் 11. உலக வர்த்தக மைய வடக்குக் கோபுரத்தின் 69-ஆவது மாடியில் வேலை பார்த்தவர் ஜான் அப்ரூஸோ. கை, கால் செயலிழந்தவர். மின்சார சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். விமானம் மோதியபின் லிஃப்ட் இயங்கவில்லை. சக ஊழியர்கள் பத்துப் பேர் அவரை ‘இவாக்குவேஷன் சேர்’ எனப்படும் மீட்பு நாற்காலியில் உட்காரவைத்து, படி வழியே இறக்கினார்கள். சுமார் ஒன்றரை மணி நேரம் ஆனது. கோபுரம் சரிவதற்குள் வெளியேறிவிட்டார்கள். 1993-இல் அங்கு குண்டு வெடித்தபோது, இதே மனிதரைத் தூக்கி இறக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடித்தது. அதன்பிறகு வாங்கி வைத்ததுதான் இந்த நாற்காலி.

அதே கோபுரத்தின் 27-ஆவது மாடியில் சக்கர நாற்காலியில் இருந்த எட் பேயா, உதவிக்காகக் காத்திருந்தார். நண்பர் ஏப் செல்மனோவிட்ஸ் அவரை விட்டுப் போக மறுத்து உடனிருந்தார். இருவரும் பிழைக்கவில்லை.

மீட்பு நாற்காலி எப்படி இயங்குகிறது?

மடித்துச் சுவரில் மாட்டிவைக்கலாம். சமதளத்தில் சக்கரத்தில் உருளும். படிக்கு வந்ததும் பின்புற ரப்பர் பட்டைகள் படி விளிம்புகளைப் பற்றியபடி வழுக்கி இறங்கும். உட்கார்ந்திருப்பவரின் எடை பட்டைகளை அழுத்துவதால் வேகம் கட்டுக்குள் இருக்கும். பயிற்சி பெற்ற ஒருவரே இறக்கிவிடலாம். மின்சார சக்கர நாற்காலியோ 100 கிலோவைத் தாண்டக்கூடியது. அதை ஆளோடு படியில் தூக்க முயல்வது எல்லோருக்கும் ஆபத்து.

மீட்பு நாற்காலி இல்லாவிட்டால்?

முதலில் சக்கர நாற்காலியில் இருப்பவரிடமே கேளுங்கள். எங்கே பிடிக்கலாம், எங்கே பிடித்தால் வலிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். தோளில் போட்டுத் தூக்கினால் மார்பும் வயிறும் அழுந்தும். மூச்சுக் கோளாறு உள்ளவருக்கு அது உயிராபத்து. தூக்க ஆளில்லையென்றால், புகை எட்டாத, தீத்தடுப்புக் கதவுள்ள படிக்கட்டுப் பகுதியில் அவரை இருத்துங்கள். ஒருவர் துணையிருக்க, மற்றொருவர் எந்த மாடி, எந்தப் படிக்கட்டு என்பதைத் தீயணைப்பு வீரர்களிடம் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

ஆபத்துக் காலங்களிலும் இயற்கைப் பேரிடர்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 8-ஆவது பிரிவு. ஆனால், “ஒத்திகைதானே, நீங்கள் சிரமப்பட வேண்டாம்” என்று மாற்றுத்திறனாளி ஒருவரை மேலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்கினால் அந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடும். அவரை இறக்கப்போவது யார், அவர்கள் விடுப்பில் இருந்தால் வேறு யார் என்பதை அவரையும் கலந்து இன்றே எழுதி வையுங்கள். அடுத்த ஒத்திகையில் அவரும் படி வழியே தரைக்கு வந்து சேர வேண்டும். அதுவரை உங்கள் கட்டடத்தின் ஒத்திகை முழுமையானதல்ல.