ஆக்சிஜன் எரிவதில்லை, எரியவைக்கிறது

வீட்டில் ஆக்சிஜன் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தார் பலர், அதனைச் சமையல் எரிவாயுவைப் போன்றதோர் எரிபொருள் என்று கருதுகின்றனர். ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆயினும் அருகில் எரியக்கூடிய பொருள் எதுவாயினும் அதன் தீயை வளர்த்துவிடும்.

இதனை விளக்க ஓர் அகல்விளக்கே போதும். அங்கே முதன்மையாக எரிவது திரியன்று. திரி உறிஞ்சும் எண்ணெய் சுடரின் வெப்பத்தால் ஆவியாகி, அந்த ஆவி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி எரிகிறது. 1860ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு உரையாற்றிய மைக்கேல் ஃபாரடே, அணைந்த மெழுகுவர்த்தியின் புகையில் தீயைக் காட்டி, திரியைத் தொடாமலே அதனை மீண்டும் ஏற்றினார்.

காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடே உள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதியான நைட்ரஜன், எரிதலுக்கு உதவாமல் வெப்பத்தின் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்கிறது. தீக்கு அதுவே கடிவாளம். ஆக்சிஜன் மிகுந்தால் கடிவாளம் தளரும். சிறு பொறியும் துணியைப் பற்றவைக்கும். 1967 சனவரியில் அப்போலோ 1 விண்கலம் தரையில் சோதிக்கப்பட்டபோது, தூய ஆக்சிஜன் நிரம்பிய அறையில் மூண்ட தீயால் உள்ளிருந்த மூவரும் உயிரிழந்தனர்.

ஆக்சிஜன் செறிவூட்டி தருவது ஏறக்குறைய 90 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையுடையது. மூக்குக்குழாயிலிருந்து கசிவது தலையணையிலும் போர்வையிலும் சேலைத் தலைப்பிலும் தலைமுடியிலும் தங்கிவிடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எனவே எவருக்கும் ஐயம் எழுவதில்லை. கருவியை நிறுத்தியவுடன் அடுப்படிக்குச் செல்லாமல், காற்றோட்டமான இடத்தில் குறைந்தது 20 நிமிடம் இருங்கள். பயன்படுத்தாத வேளையில் கருவியை ஓடவிட்டுக் குழாயைப் படுக்கைமேல் வைத்தல் கூடாது.

நோயாளியின் அறையில் புகைபிடித்தல் அறவே ஆகாது. விருந்தினரிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம் ஆகியவை குறைந்தது 3 மீட்டர் தள்ளியே இருக்கட்டும். வேறோர் அறையில் ஏற்றுவது இன்னும் நன்று. உலர்ந்த உதட்டுக்கும் மூக்குக்கும் வாசலின் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள களிம்பைத் தவிர்த்து, நீர் கலந்த களிம்பை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். சிலிண்டரின் வால்வு இறுகியிருந்தாலும் அதில் எண்ணெய் இடாதீர்கள்.

தீப்பற்றினால் மூக்குக்குழாயை உடனே கழற்றி, நோயாளியை வெளியேற்றுங்கள். வழியில் இயலுமாயின் ஆக்சிஜனை நிறுத்துங்கள். வெளியே வந்ததும் 101 எண்ணுக்கு அழைத்து, வீட்டினுள் ஆக்சிஜன் சிலிண்டர் இருப்பதையும் தெரிவியுங்கள்.