10 சிவப்பு பலூன்! 40 ஆயிரம் டாலர் பரிசு!

10 சிவப்பு பலூன்கள். அவை இருக்கும் இடங்களை முதலில் சொல்பவருக்கு 40 ஆயிரம் டாலர் பரிசு!

அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான 'டார்ப்பா' 2009-ம் ஆண்டு இப்படி ஒரு போட்டி வைத்தது. இணையம் வழியாக மக்கள் எவ்வளவு வேகமாக ஒன்றுகூடி வேலை செய்வார்கள் என்று பார்ப்பதே நோக்கம்.

டிசம்பர் 5-ந் தேதி காலை பலூன்கள் பறந்தன. ஒவ்வொன்றும் 8 அடி அகலம். எந்தெந்த ஊரில் என்பது பரம ரகசியம். அவ்வளவு பெரிய நாட்டில் ஒருவரே ஓடித் தேட முடியுமா?

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிலர் ஒரு யுக்தி செய்தார்கள்.

"பலூனைக் கண்டு சொல்பவருக்கு 2 ஆயிரம் டாலர். அவரைச் சேர்த்துவிட்டவருக்கு ஆயிரம். அந்த ஆளைச் சேர்த்தவருக்கு 500" என்று இணையத்தில் அறிவித்தார்கள்.

பலூனைப் பார்க்காதவருக்கும் பங்கு உண்டு! ஒருவர் பலருக்குச் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள்.

பொய்த் தகவல்களும் வந்தன. அவற்றைச் சலித்துத் தள்ளினார்கள். 9 மணி நேரத்துக்குள் 10 பலூன்களும் கிடைத்துவிட்டன. பரிசு அவர்களுக்கே!

முழுப் பணமும் தங்களுக்கே என்று அவர்கள் நினைத்திருந்தால், ஊரார் கண்கள் உதவியிருக்குமா? பங்கிட முன்வந்தார்கள், பரிசு தேடி வந்தது.